யோசேவ் வாஸ் அடிகளாரும் நமது அண்ணாவிமாரும்

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பித்துக் களைத்துப் போனீர்களா? இதைக் கேளுங்கள்.

1651இல் கோவாவில் பிறந்தவர் புனித யோசேவ் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் நம் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கை வந்தார். கண்டி மன்னரின் ஆளுகையிலிருந்த புத்தளத்தை 1690இல் அடைந்து, குருவின்றி வாடிய மக்களுக்குத் தேவதிரவிய அனுமானங்களை வழங்கினார். 1692இல் கண்டி சென்று, ஒற்றரெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார்.

அவர் வரமுடியாத மாதங்களில் சிறுவருக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர் யார்? ஊர் அண்ணாவிமாரும் மூப்பர்மாருமே. பிள்ளைகள் செபத்தை மறவாதிருந்ததே அவர்கள் கண்ட கூலி.

1711 தை 16இல் அடிகளார் கண்டியில் மரித்தார். அவரது 24 ஆண்டு உழைப்பு மரிக்கவில்லை. 2015இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அண்ணாவிமார் பலரின் பெயர்களோ நமக்குத் தெரியாது. ஆயினும் விசுவாசம் தலைமுறை தலைமுறையாக உங்கள் வீடுவரை வந்திருக்கிறதே! அடுத்த ஞாயிறும் பிள்ளைகள் காத்திருப்பார்கள், போங்கள்.