குறளை லத்தீனுக்குக் கொண்டு சென்றவர்

திருவொற்றியூர் ஆலைகளில் ஷிப்டு நேரத்தை ஏ.எம்., பி.எம். என்று எழுதுகிறார்கள். கோர்ட்டுக்குப் போகிறவர் அபிடவிட்டு கொடுக்கிறார். ராயபுரத்துப் பள்ளி மாணவன் போனபைடு சர்டிபிகேட் வாங்குகிறான்.

இவை ஆங்கிலம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இவை லத்தீன் மொழிச் சொற்கள். ஏ.எம். என்றால் நண்பகலுக்கு முன், பி.எம். என்றால் நண்பகலுக்குப் பின். போனபைடு என்றால் நல்லெண்ணத்துடன். அபிடவிட்டு என்றால் அவர் உறுதி கூறியிருக்கிறார் என்று பொருள்.

ராயபுரம் ராயப்பர் கோவிலிலும் 1960-களின் நடுப்பகுதி வரை லத்தீனில்தான் பூசை நடந்தது. அந்த ஒலி இன்றும் சில பெரியவர்களின் காதில் இருக்கும்.

அந்த லத்தீன் மொழிக்குத் திருக்குறளைக் கொண்டு சென்றவர் வீரமாமுனிவர்.

கடல் கடந்து வந்தார்

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டான்டின் ஜோசப் பெஸ்கி. 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இத்தாலி நாட்டில் பிறந்தார். 18-வது வயதில் ஏசு சபையில் சேர்ந்து துறவி ஆனார். 1710-ம் ஆண்டு கப்பலில் கோவா வந்து சேர்ந்தார். அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்.

மதத்தைப் பரப்பத்தான் அவர் வந்தார். ஆனால் மக்களிடம் பேச மொழி வேண்டுமே! போதிக்க வந்தவர், மாணவராக உட்கார்ந்தார். பழனியைச் சேர்ந்த சுப்ரதீபக் கவிராயரிடம் தமிழ் படித்தார் என்பார்கள்.

முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிறகு வீரமாமுனிவர் ஆனார். அரியலூருக்கு அருகே ஏலாக்குறிச்சியில் தங்கிப் பல ஆண்டுகள் தொண்டு செய்தார்.

இரட்டைக்கொம்பு

ஓலைச்சுவடியில் எழுதிய காலத்தில் "எரி" என்பதும் "ஏரி" என்பதும் ஒன்று போலவே தோன்றும். எரிகிற நெருப்பா, தண்ணீர் நிற்கும் ஏரியா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டும். "கொடை", "கோடை" என்ற சொற்களுக்கும் இதே கதிதான்.

இந்தக் குழப்பத்தை வீரமாமுனிவர் தீர்த்தார். குறிலுக்கு ஒற்றைக்கொம்பு, நெடிலுக்கு இரட்டைக்கொம்பு என்று வகுத்தார். இன்று முதல் வகுப்புக் குழந்தை எழுதும் "கே", "கோ" எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

தேம்பாவணி என்ற காவியத்தை 3,615 பாடல்களில் பாடினார். 1732-ல் சதுரகராதி என்ற அகராதியைத் தொகுத்தார். குதிரை முட்டை வாங்கிய பரமார்த்த குருவின் கதையும் அவர் எழுதியதே. அதற்கு லத்தீன் மொழிபெயர்ப்பும் செய்தார். தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர்களுக்கு அது பாடம் ஆயிற்று.

எதிரணியார் அச்சிட்ட நூல்

பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அதை 1738-ல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் பாதிரிமார்கள். அவர்களோடு மதக் கொள்கையில் வீரமாமுனிவருக்குக் கடும் சண்டை. அவர்களைக் கண்டித்து அவர் நூல்களே எழுதியிருக்கிறார். ஆனாலும் தமிழ் கற்க அவர்களுக்கு அவருடைய புத்தகம் தேவைப்பட்டது. பகையை ஒதுக்கிவிட்டு அச்சிட்டார்கள்.

குறளும் லத்தீனும்

அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் படித்தவர்களுக்கு எல்லாம் பொது மொழி லத்தீன். தமிழரின் அறிவை அவர்கள் அறிய வேண்டுமானால், குறள் லத்தீனில் பேச வேண்டும். இந்த வேலையை அவர் 1730-ம் ஆண்டுவாக்கில் செய்தார். அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருட்பாலில் 70 அதிகாரம், ஆக 1,080 குறள்களை மொழிபெயர்த்தார். ஐரோப்பிய மொழி ஒன்றில் குறள் போனது அதுவே முதல் தடவை.

காமத்துப்பாலை மட்டும் அவர் தொடவில்லை. துறவி என்பதால் விட்டுவிட்டார் என்பார்கள்.

ஆனால், அந்த மொழிபெயர்ப்பை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1747-ல் காலமானார். அவர் எழுதிய ஏடுகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன.

சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ் துரை அவற்றின் அருமையை அறிந்தவர். அவர் சொல்லி, முத்துசாமிப் பிள்ளை என்பவர் 1816-ல் தென் மாவட்டங்களில் அலைந்து ஏடுகளைத் தேடினார். பிறகு வீரமாமுனிவரின் வரலாற்றையும் எழுதினார்.

1886-ல் ஜி. யு. போப் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்தப் புத்தகத்தில் வீரமாமுனிவரின் லத்தீனையும் சேர்த்து அச்சிட்டார். எழுதி ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆகியிருந்தன!

1968-ல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, மெரினா கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை வைத்தார்கள். ராயபுரத்தில் இருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்ப் பார்த்துவிடலாம். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள், பீடத்தில் உள்ள பெயரை அவர்களையே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லலாம். "முனிவர்" என்பதைப் படித்த பிறகு, அவர் தந்த இரட்டைக்கொம்பின் கதையையும் சொல்லிக் கொடுக்கலாம்.