ஆறு புள்ளி

அடுத்த தடவை புது கட்டடம் எதிலாவது லிஃப்ட்டில் ஏறினால், பொத்தானை அமுக்கிட்டு மொபைலை எடுக்காதீங்க. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன மேடு இருக்கும். ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்க. மூன்றாம் ஆண்டு வரைக்கும் நான் தடவிப் பார்த்ததே கிடையாது. இத்தனைக்கும் எங்கள் டீமின் மினி புராஜெக்ட் பார்வையற்றவர்களுக்கான 'ஸ்மார்ட் ஸ்டிக்'.

உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு பேட்ச்சிலும் நாலு டீம் அதைத்தான் செய்யும். ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ஆர்டுயினோ, ஒரு பஸ்ஸர், ஒரு பிவிசி பைப். எங்களில் ஒருவன் கண்ணைக் கட்டிக்கொண்டு காரிடாரில் நடந்து காட்டினான், ரெவியூவில் மார்க்கும் வந்தது. பார்வையற்ற ஒருவர் கையில் அதைக் கொடுத்துப் பார்க்கணும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு மாலை, கடற்கரைச் சாலையில் தெரிந்த ஒரு அண்ணனிடம் கொடுத்தோம். பத்தடி நடந்தார், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். குச்சி கனமா இருக்காம். அதுகூடப் பரவாயில்லை. அவர் தெருவைக் கடப்பதே வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தானாம், எங்கள் பஸ்ஸர் அந்தச் சத்தத்தைத்தான் மறைக்கிறதாம்.

அந்த அவமானத்தோடு போய்த் தேடிப் படித்ததுதான் இந்த மனுஷரின் கதை. பெயர் லூயி பிரெயில். பெயரைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பீங்க. மீதிக் கதையை நமக்கு யாரும் சொல்லவில்லை.

1809 ஜனவரி 4-ஆம் தேதி, பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் கூவ்ரே என்ற கிராமத்தில் பிறந்தார். வீட்டில் நாலாவது, கடைசிப் பிள்ளை. அப்பா சிமோன் ரெனே குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் குத்தூசியை எடுத்துத் தோலில் குத்தி விளையாடினான் பையன். ஊசி வழுக்கிக் கண்ணில் ஏறியது. ஆன்டிபயாடிக் எல்லாம் இல்லாத காலம். புண் சீழ் பிடித்து, நல்ல கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் ரெண்டு கண்ணும் போய்விட்டன.

அவனுடைய அப்பா அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசணும். அந்தக் காலத்து பிரான்சில் பார்வையில்லாத ஏழைப் பிள்ளை என்றால் பெரும்பாலும் தெருவில் கையேந்தணும், இல்லை வீட்டு மூலையில் கிடக்கணும். விருந்தாளி வந்தால் அப்படிப்பட்ட பிள்ளையை உள் அறைக்கு அனுப்பிவிடும் வீடுகளை நம்ம ஊரிலும் பார்த்திருப்பீங்க. லூயி வீட்டில் அது நடக்கவில்லை. அப்பா தடி செய்து கொடுத்தார், பையன் அதை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினான், பட்டறையில் வேலையும் செய்தான். ஊர்ப் பாதிரியார் பலூய் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு பார்வையுள்ள பிள்ளைகள் படிக்கும் அதே ஊர்ப் பள்ளியில் சேர்த்தார்கள். காதால் கேட்டே வகுப்பில் முன்னுக்கு வந்தான். இன்று 'உள்ளடக்கிய கல்வி' என்று பெரிய பெயர் வைத்துச் சொல்கிறோமே, அதை அந்தக் கிராமத்தில் ஒரு பாதிரியாரும் ஒரு வாத்தியாரும் பெயர் வைக்காமலே செய்துவிட்டார்கள். ஆனால் மற்ற பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தால் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கணும். சேர்த்துக்கொண்டார்கள் சரி, படிக்க அவனுக்கு என்ன இருந்தது?

(அவனுக்கு ஏழு வயது இருக்கும்போது, 1816-இல், நம்ம புதுச்சேரி ஆங்கிலேயரிடமிருந்து மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ரூ துமாவில் நடக்கும்போது அந்தக் காலத்தைக் கற்பனை செய்துகொள்ள இது உதவும்.)

1819-இல், பத்து வயதில், பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கான பள்ளிக்குப் போனான். வலாந்தீன் ஆவி என்பவர் முந்தைய நூற்றாண்டில் தொடங்கியது. 1771-இல் ஒரு சந்தையில் பார்வையற்றவர்களுக்குக் கோமாளி வேஷம் போட்டுக் கூட்டம் சிரித்ததைப் பார்த்து மனம் நொந்தவர் அவர். நல்ல மனுஷர். ஆனால் அவர் கண்டுபிடித்த வழி, சாதாரண எழுத்துகளையே தாளில் மேடாக அச்சடிப்பது. ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் விரலால் தடவித் தடவி அடையாளம் காணணும். ஒரு வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டியிருந்ததால் புத்தகங்கள் ராட்சச கனம். எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த எழுத்தில் பிள்ளைகளால் எழுத முடியாது. யாரோ அச்சடித்துக் கொடுத்தால் படிக்கலாம், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடக் கட்டடமோ ஈரம் ஊறிய பழைய மடம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சிறையாக இருந்தது. லூயியின் உயிரைக் கடைசியில் வாங்கியது காசநோய்.

1821-இல் ஷார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி அந்தப் பள்ளிக்கு ஒரு முறையைக் கொண்டுவந்தார். தாளில் ஊசியால் குத்திய புள்ளிகள். இருட்டில் சிப்பாய்கள் படிக்க நெப்போலியன் ஆர்டர் போட்டுச் செய்தது என்று ஒரு கதை சுற்றுகிறது, அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, விட்டுடுங்க. கோட்டைவிடப் புள்ளி விரலுக்குச் சுலபம் என்பதும், புள்ளியாக இருந்தால் பார்வையற்றவர் தானே எழுதலாம் என்பதும் பார்பியேயின் பெரிய பங்களிப்பு. ஆனால் அவர் கண் உள்ளவர். ஒரு குறிக்கு 12 புள்ளி வரை, ஆறு ஆறாக ரெண்டு வரிசை வைத்தார். விரல் நுனியில் அது அடங்காது, மேலும் கீழும் நகர்த்தித் தேடணும். எழுத்துக்கு இல்லாமல் ஒலிக்குக் குறி வைத்ததால் ஸ்பெல்லிங் எழுத முடியாது. நிறுத்தக்குறி கிடையாது. எண்ணும் கிடையாது.

பன்னிரண்டு வயசுப் பையன் அதைக் கையில் எடுத்தான். பள்ளி முடிந்த இரவுகள், கூவ்ரேயில் கழித்த விடுமுறைகள் என்று மூன்று வருஷம். 1824-இல், பதினைந்து வயதில், முறை தயார். நம்மில் பலர் அந்த வயதில் பத்தாவது ரிவிஷன் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்தோம்.

அவர் செய்ததை ஒரு எஞ்சினியர் கண்ணோடு பாருங்க. பன்னிரண்டைப் பாதியாக வெட்டினார். மூன்று மூன்றாக ரெண்டு வரிசை, மொத்தம் ஆறு. ஏன் ஆறு? விரல் நுனி நகராமல் ஒரே தொடுதலில் அவ்வளவைத்தான் உணரும். அதைச் சொல்ல விரலால் படிக்கிறவன்தான் வேணும், கண்ணால் பார்க்கிறவனுக்கு அது தெரிய வழியில்லை. ஒவ்வொரு புள்ளியும் இருக்கும், இல்லை இருக்காது. இரண்டின் அடுக்கு ஆறு, 64. வெற்று இடம் போக 63 குறிகள். ஆறு பிட் கோடு! கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில்.

அடுக்கின விதம் இன்னும் அழகு. இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6 என்று வைத்துக்கொள்ளுங்க. ரோமன் எழுத்தில் முதல் பத்தும் மேல் நாலு புள்ளிக்குள் முடிந்துவிடும். ஏ என்றால் 1 மட்டும். அடுத்த பத்துக்கு அதே வடிவங்களோடு 3-ஐச் சேர்த்தால் போதும், ஏ கே ஆகிவிடும். அதற்கும் அடுத்த வரிசைக்கு 6-ஐயும் சேர்க்கணும், கே யு ஆகிவிடும். பத்தை மனப்பாடம் செய்தால் மீதி தானாக வரும். டபிள்யூ மட்டும் இந்த ஒழுங்கில் சேராமல் தனியாக நிற்கும். அப்போதைய பிரெஞ்சில் அந்த எழுத்துக்கு வேலை இல்லை, பிறகு நுழைத்தது.

1829-இல் புத்தகமாக வெளியிட்டார், 1837-இல் திருத்திய பதிப்பு. இசைக்கும் குறி வைத்தார், ஏனென்றால் அவரே பாரிஸ் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்தவர். பார்பியேக்குப் பட்ட கடனையும் மறைக்காமல் எழுதினார். இதற்கிடையில் அதே பள்ளியில் ஆசிரியராகவும் ஆகியிருந்தார்.

எல்லாம் சுபம் என்று நினைப்பீங்க. இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

1840-இல் துஃபோ என்ற புது இயக்குநர் வந்தார். புள்ளி எழுத்தைத் தூக்கிவிட்டு மேட்டு எழுத்தையே பயன்படுத்தச் சொன்னார். அவர் ஒன்றும் வில்லன் இல்லை. புள்ளி எழுத்துக்கு எதிராக அன்றைக்குச் சொல்லப்பட்ட வாதத்தைக் கேட்டால் நீங்களே தலையாட்டுவீங்க: பார்வையற்றவர்களுக்குத் தனி எழுத்து கொடுத்தால் அவர்கள் சமூகத்திலிருந்து தனியாகிவிடுவார்கள், எல்லோரும் படிக்கும் எழுத்தையே அவர்களும் படிக்கட்டும். சமத்துவம் மாதிரியே இருக்கு இல்லையா? ஆனால் அந்தச் சமத்துவத்தில் ஒரு பிள்ளையால் தன் அம்மாவுக்கு நாலு வரி எழுத முடியாது, குறிப்பெடுக்க முடியாது, எழுதினதைத் திரும்பப் படிக்க முடியாது. கண்ணுள்ள ஆசிரியருக்கு வசதியான எழுத்து அது. எங்கள் ஸ்மார்ட் ஸ்டிக் ஞாபகம் வந்தது.

பிள்ளைகள் கேட்கவில்லை. ரகசியமாகப் புள்ளியிலேயே எழுதினார்கள், பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உதவி இயக்குநர் குவாதே இதைப் பார்த்து மனம் மாறினார். 1844 பிப்ரவரியில் பள்ளியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில், பிரெயில் முறையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை வாசிக்கப்பட்டது, மாணவர்கள் கூட்டத்தின் முன்னால் எழுதியும் படித்தும் காட்டினார்கள். தடை அதோடு போனது. லூயி தனக்காகக் கூச்சல் போட்டதாக எங்கேயும் தெரியவில்லை.

ஆனால் அந்தச் சமூகத்திலிருந்து தனியாகிவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது, அதுவும் வேலையாகவே. 1839-இல் இன்னொரு முறையை வெளியிட்டார். பார்வையற்றவர் புள்ளிகளைக் குத்தியே சாதாரண ரோமன் எழுத்தின் வடிவத்தை உண்டாக்கலாம், கண்ணுள்ளவர் அதைக் கண்ணால் படிக்கலாம். கையால் செய்தால் நேரம் பிடித்தது. பழைய மாணவர் பியேர் ஃபூக்கோ, அவரும் பார்வையற்றவர், அதற்கு ஒரு இயந்திரம் செய்தார். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கொள்ளுத் தாத்தா என்று சொல்லலாம், நூறு வருஷத்துக்கும் மேல் முந்தியது. பாலத்தை இந்தக் கரையிலிருந்து கட்டினது ரெண்டு பார்வையற்றவர்கள். இந்தப் பகுதி ஏன் நம்ம பாடப்புத்தகத்தில் வருவதே இல்லை என்று தெரியவில்லை.

1852 ஜனவரி 6, நாற்பத்து மூன்று முடிந்து ரெண்டு நாளில் இறந்தார். பாரிஸ் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. ஒரு சின்னப் பெட்டியைத் திறக்காமல் எரிக்கச் சொல்லியிருந்தாராம். நண்பர்கள் ஆவலில் திறந்தால், அவரிடம் பணம் வாங்கின மாணவர்கள் எழுதிக் கொடுத்த கடன் சீட்டுகள். ரெண்டு வருஷம் கழித்து, 1854-இல், பிரான்ஸ் அவர் எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது. 1952-இல் உடலை எடுத்துப் பாரிஸின் பாந்தியோனில் வைத்தார்கள், ஹெலன் கெல்லர் வந்திருந்தார். கை எலும்புகளை மட்டும் கூவ்ரே விடவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

நம்ம பக்கம் எப்படி வந்தது? பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி மாதிரி, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்தியாவில் பார்வையற்றோர் பள்ளிகள் வந்துவிட்டன. ஆனால் இடத்துக்கு ஒரு பிரெயில் முறை, ஒரு பள்ளிப் புத்தகம் இன்னொரு பள்ளிக்கு ஆகாது. 1951-இல்தான் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக பாரதி பிரெயில் வந்தது. தமிழ் க-வும் இந்தி க-வும் ஆங்கில கே-யும் அதில் ஒரே வடிவம். இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அச்சில் கொ என்று எழுதும்போது க-வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பிரெயிலில் க, அதற்கப்புறம் ஒ, காதில் விழுகிற வரிசை. மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் தலைகீழ், எழுத்துக்கு முன்னாலேயே வந்துவிடும்.

ECR-இல் பஸ் ஏறினால் பிள்ளைச்சாவடியில் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கான அரசு சிறப்புப் பள்ளி இருக்கிறது. இந்த செமஸ்டரும் ஸ்மார்ட் ஸ்டிக் எடுத்திருக்கும் ஜூனியர்களே, பிவிசி பைப் வாங்கும் முன்னால் அந்தப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வாங்க. நாங்கள் போகவில்லை.

போறதுக்கு முன்னால் அம்மா என்று எழுதக் கத்துக்கோங்க. ஐந்து கட்டம். அ-வுக்கு 1. புள்ளிக்கு 4. பிறகு ம-வுக்கு 1, 3, 4. இன்னொரு ம, அதே 1, 3, 4. கடைசியில் ஆ-வுக்கு 3, 4, 5. கெட்டித் தாளும் ஒரு ஊசியும் போதும். தாளின் பின்பக்கமாகக் குத்தினால்தான் முன்பக்கம் மேடாக வரும், அதனால் வலமிருந்து இடமாக, புள்ளிகளையும் கண்ணாடியில் தெரிவது மாதிரி இடம் வலம் மாற்றிக் குத்தணும். முதல் தடவை நான் தப்பாத்தான் குத்தினேன்.