மாடிப்படியில் நின்ற பிள்ளைகளும் ஒரு டாக்டரம்மாவும்



மாலை நாலு மணிக்கு நம் மாடிப்படியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேன் இறக்கிவிட்டுப் போன பிள்ளைகள், தோளில் மாட்டிய பையோடு படியில் உட்கார்ந்திருப்பார்கள். சேலத்தில் வேலை பார்க்கும் அப்பா அம்மா இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு வந்துசேர ஏழு மணி ஆகிறது. மூடுபனி இறங்கிவிட்டால் இன்னும் தாமதம். அதற்குள் சுவரில் நாலு கிறுக்கல், ஒரு தொட்டி உடைசல். கீழ்த்தள ஹாலைப் பள்ளிக்கு முன்னும் பின்னும் இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாமா என்று போன கூட்டத்தில் பேசியபோது, சத்தத்தை யார் பொறுப்பது, செலவு யார் தலையில் என்பதிலேயே நேரம் போய்விட்டது.

இதே பிரச்சினை 1907இல் ரோம் நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வந்தது. அதிலிருந்து உலகத்துக்குத் தெரியவந்த பெயரைத்தான் இன்று ஊர் ஊராகப் பள்ளிப் பலகைகளில் பார்க்கிறீர்கள்: மாண்டிசோரி. அது ஏதோ பாடத்திட்டத்தின் பெயர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு அம்மாவின் பெயர்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31இல் இத்தாலியின் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அம்மா பக்கத்தில் நின்றார். ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்றதால், மற்றவர்கள் போன பிறகு தனியாக அந்த அறையில் நின்று படித்தார். 1896இல் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர்.

அடுத்தது சொல்லக் கஷ்டமான பகுதி. உடன் வேலை பார்த்த டாக்டர் மோன்டெசானோவுடன் காதல். 1898இல் மரியோ என்ற மகன் பிறந்தான். கல்யாணம் நடக்கவில்லை. கல்யாணமாகாத தாய் என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் வேலையும் போகும், பெயரும் போகும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாய் என்று மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார். மோன்டெசானோ 1901இல் வேறொரு பெண்ணை மணந்தார். இருவரும் சேர்ந்து நடத்திய, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பள்ளியை விட்டு மரியா விலகினார்.

இனி அந்த அடுக்குமாடிக் கதை. ரோமில் சான் லொரென்சோ ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. பாதியில் நின்றுபோன கட்டடங்களை ஒரு நிறுவனம் வாங்கிச் சீர்செய்து வாடகைக்கு விட்டது. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயது வராத குழந்தைகள் நாள் முழுக்கப் படிக்கட்டில் ஓடின. சுவரில் கிறுக்கின, கையில் கிடைத்ததை உடைத்தன. நிறுவனத்தின் தலைவர் டலாமோ கணக்குப் பார்த்தார். வெள்ளையடிக்கவும் உடைந்ததைச் சரிசெய்யவும் ஆகும் காசில், கட்டடத்துக்குள்ளேயே ஓர் அறை ஒதுக்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் என்ன? பொறுப்பை மாண்டிசோரியிடம் கொடுத்தார். 1907 ஜனவரி 6இல் திறந்தார்கள். பெயர் குழந்தைகள் வீடு. ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள், பெரும்பாலும் 3 முதல் 6 வயது.

அதன் விதிமுறைகள் நம் பைலாவை நினைவூட்டும். கட்டணம் கிடையாது. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையோடு அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறையாவது தாய் வந்து ஆசிரியையிடம் பேச வேண்டும். ஆசிரியையும் அதே கட்டடத்தில்தான் குடியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் இரண்டு தரம் படித்தேன். தெரியாதவரை வேலைக்கு வைப்பதும், படியில் தினம் எதிர்ப்படும் ஒருவரிடம் பிள்ளையை விடுவதும் ஒன்றல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

அங்கே அவர் செய்ததில் முக்கால்வாசி, சும்மா கவனித்தது. மூன்று வயதுப் பெண் ஒருத்தி மரக்குழியில் உருளைக்கட்டைகளைப் பொருத்தி எடுத்து, மறுபடி பொருத்தி, நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். சுற்றிலும் மற்றவர்கள் பாடியும் தலை நிமிரவில்லை. ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துபோக, பிள்ளைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். அதன் பிறகுதான் எட்டும் உயரத்தில் திறந்த அலமாரி வந்தது. சின்ன மேசையும் நாற்காலியும்கூட அவர் போட்டதுதான்.

ஊரார் பிள்ளைகளுக்கு வீடு அமைத்தவரிடம் அவர் மகன் மட்டும் இல்லை. 1912 கடைசியில் அம்மா இறந்தார். அதன் பிறகே பதினைந்து வயது மரியோ அவருடன் வந்து சேர்ந்தான். அப்போதும் ஊருக்கு அவன் உறவுக்காரப் பையன்தான்.

1939 நவம்பரில், 69 வயதில், ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் இருவரும் சென்னை அடையாறு வந்தார்கள். ஓலைக் கொட்டகையில் ஏறக்குறைய 300 பேருக்குப் பயிற்சி. சில மாதத் திட்டம்தான். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இவர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவை முகாமில் அடைத்தார்கள். அம்மாவை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். அந்த ஆகஸ்ட் 31, எழுபதாவது பிறந்தநாளன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிக்கிறோம் என்பது அதன் சாரம். நாற்பது வருஷம் அவர் வெளியே சொல்லாத வார்த்தையை ஓர் அரசாங்கத் தந்தி சாதாரணமாகச் சொல்லிவிட்டது.

போர் முடியும்வரை ஊர் திரும்ப வழியில்லை. அதில் சுமார் இரண்டு வருஷம், நம் ஏற்காட்டைப் போலவே குளிரும் சோலையுமான கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே ஒரு சிறு பள்ளி நடத்தினார்கள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான அவருடைய பாடமுறை பெரிதும் உருவானது அங்கேதான். செடி, கொடி, பூச்சி எல்லாம் பாடம். நம் பிள்ளைகளுக்கு வாசலிலேயே காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் இருக்கின்றன, கையில் போன் இல்லாவிட்டால் தெரியும்.

இங்கே ஒரு விஷயம். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிக்கும் அம்மாக்களுக்கு இந்தக் கவலை நமக்கு வெகு முன்பே உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அடுக்குமாடிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. நாமாகச் செய்தால்தான் உண்டு.

1946இல் ஐரோப்பா திரும்பி, 1947இல் மறுபடி இந்தியா வந்து, 1949வரை இருந்தார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. 1952 மே 6இல் ஹாலந்துக் கடற்கரை ஊர் ஒன்றில் இறந்தார். உயிலில் மரியோவை மகன் என்றே எழுதியிருந்தார். மரியோ 1982இல் தான் இறக்கும்வரை அம்மாவின் வேலையை நடத்தினார்.

ஹால் விஷயம் அடுத்த பொதுக்குழுவில் மீண்டும் வருகிறது. வரும்போது, போன வருஷம் படிக்கட்டுச் சுவருக்கு வெள்ளையடித்த பில்லை ஆபீஸ் ஃபைலில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.