கோபுரத்தில் மோதிய தியோடலைட்

எவரெஸ்ட் பேர் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு முன்னாடியே இந்தியாவை அளக்க ஆரம்பிச்ச வில்லியம் லாம்டனை சிவில் பசங்க நாமளே மறந்துடுறோம்.

லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷையர்காரர். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்கா போய், போரில் கைதியாகி, பிறகு கனடா பக்கம் நிலம் அளந்தவர். சூரிய கிரகணம் பார்த்ததில் ஒரு கண் கெட்டுப்போச்சு. 1799ல் திப்பு சுல்தானோடு நடந்த போர் முடிந்ததும், தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கலாம் என்று கம்பெனியிடம் கேட்டார். எதுக்குத் தண்டச் செலவு, ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னா போதாதா என்று ஒரு அதிகாரி நக்கலடித்தாராம்!

1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வேலை ஆரம்பம். சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு பேஸ்லைன். 100 அடி எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 தடவை போட்டு, வெயிலில் அது எவ்வளவு நீளும் என்று தெர்மாமீட்டர் வைத்துக் கணக்குப் போட்டு, 57 நாளில் முடித்தார்கள். அதிலிருந்து முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே மேற்குக் கடற்கரை வரை போனார்கள். கடலுக்குக் கடல் 400 மைல் என்று வரைபடங்கள் காட்டின. அளந்தால் 360 தான். 40 மைல் நிலம் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது!

நம்ம வாலிகண்டபுரம் பக்கம்னா மேற்கே பச்சைமலை இருக்கு, மேலே ஏறிப் பார்க்கலாம். காவிரி டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? தென்னந்தோப்புக்கு மேலே தெரிவது கோபுரம்தான். அதனால் 1808ல் தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்துக்கு மேலே அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்து, கருவி சுவரில் போய் மோதியது. கோணம் அளக்கும் 36 அங்குல வட்டம் நெளிந்துவிட்டது.

வேற யாராவது இருந்தா சர்வேயை மூட்டை கட்டியிருப்பார். லாம்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, நெளிந்த வளையத்தை ஆப்பு, திருகு, கப்பி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அதற்குள் பொருத்தினார். ஆறு வாரம். நம்ம லேபில் கருவி கீழே விழுந்தா முதல்ல ஃபைன் ரசீதுதான் வரும்!

அதே தியோடலைட்டோடு வேலை தொடர்ந்தது. கன்னியாகுமரியிலிருந்து வடக்கே போகும் பெரிய வளைகோட்டை அளந்துகொண்டே போனவர், ஏறத்தாழ எழுபது வயதில், 1823 ஜனவரி 20 அன்று நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். அவர் உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் கோட்டை இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார். 1865ல் சிகரத்துக்கு எவரெஸ்ட் பேர் வைத்தார்கள். லாம்டன் கல்லறை ஹிங்கன்காட்டிலேயே இருக்கிறது.