வெருகுக்குப் பெயர் தந்த பேரறிஞர்

வவுனியாவின் குளக்கட்டுகளைச் சூழ்ந்து பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் வறண்ட காடு, யானைக்கும் சிறுத்தைக்கும் மட்டும் உரியதன்று. கீரி, புனுகுபூனை, நரி முதலிய சிறு ஊனுண்ணிகளுக்கும் அதுவே தாயகம். பழந்தமிழ்ப் புலவர் காட்டுப்பூனையை வெருகு என்றழைத்தனர். முல்லை அரும்புக்கு அதன் பல்லை உவமை கூறினர். அவ்வினத்துள் மிகச் சிறியதாகிய செம்புள்ளிப் பூனையின் வரலாற்றிலே அறிஞர் பி. ஈ. பி. தெரணியகலவுக்குத் தனியிடம் உண்டு.

அன்னார் 1900ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் சேர் போல் பீரிஸ், யாழ்ப்பாணத்துக் கந்தரோடையை ஆராய்ந்த வரலாற்றறிஞர். கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் பயின்று மீண்ட மைந்தர், 1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கினார். மீனும் ஆமையும் பாம்பும் அவர் ஆய்வுக்குப் பொருளாயின. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளிற் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, நீர்யானையும் காண்டாமிருகமும் ஒருகாலத்தில் ஈழத்தில் வாழ்ந்தமையை நிறுவினார். இங்கு வாழ்ந்த சிங்கத்துக்கு அவர் கண்ட சான்று இரண்டே பற்கள். ஓர் உயிரினம் அழிந்தபின் எஞ்சுவது எத்துணைச் சிறிது என்பதை அவரினும் நன்கறிந்தவர் அரியர்.

செம்புள்ளிப் பூனையை 1831இல் புதுச்சேரியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் ஜெஃப்ரோய் விவரித்தார். 1939இல் இலண்டன் அறிஞர் போகொக், ஈழத்து மலைப்புறப் பூனையை வேறு பிரித்து, பிலிப்ஸ் என்னும் தேயிலைத் தோட்டத்துரையின் பெயரைச் சூட்டினார். எஞ்சியது வறண்ட தாழ்நிலத்துப் பூனை. அதனைத் தனி உட்பிரிவாக 1956இல் வேறுபடுத்தியவர் தெரணியகல. அவர் எந்தத் துரையின் பெயரையும் நாடவில்லை; சிங்களக் கிராமத்தார் வழங்கும் கொலதிவியா என்ற பெயரையே விஞ்ஞானப் பெயராக்கினார். திவியா என்பது சிறுத்தையைக் குறிக்கும் சொல்.

அப்பெயரில் ஓர் அவலமும் உண்டு. ஒன்றரைக் கிலோ நிறையளவே உள்ள இப்பூனையைச் சிறுத்தைக் குட்டியென மயங்கி மக்கள் கொல்வதுண்டு. உண்மையிலோ அது எலியைத் தின்று கமக்காரனுக்கு உதவும் நண்பன். பகலில் மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் பதுங்கி, இரவில் இரை தேடுவது. பற்றைக்காடு வெட்டுண்டால் அதற்குப் புகலிடம் ஏது? இந்தியா, நேபாளம், இலங்கை என்னும் மூன்று நாடுகளிலன்றி உலகில் வேறெங்கும் காட்டில் வாழாத இவ்வினம், 2016 முதல் உலகச் செம்பட்டியலில் அச்சுறுத்தலை அண்மித்தவற்றுள் வைக்கப்பட்டுள்ளது.

1976இல் தெரணியகல மறைந்தார். இல்லாத சிங்கத்தைப் பற்களிலிருந்து மீட்டுக் காட்டிய அவர், இருக்கின்ற பூனையை இனங்கண்டு தந்து சென்றார். அதனைச் சிறுத்தையினின்று பிரித்தறியவும், அதன் பற்றைகளை விட்டுவைக்கவும் வன்னியின் மாணவர் கற்பாராயின், அவர் உழைப்பு வீண்போகாது. நூதனசாலைப் பேழையில் மற்றுமொரு சோடிப் பற்களாக வெருகு எஞ்சிவிடலாகாது.