எம்டனும் செண்பகராமனும்

ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலுக்குக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு எம்டன் என்ற பெயர் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய அந்த ஜெர்மானியக் கப்பலோடு சேர்த்துப் பேசப்படுபவர் டாக்டர் செண்பகராமன் பிள்ளை. அவருடைய பெரிய முயற்சியோ காபூலில் இருந்தது.

1891-ல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், இளமையிலேயே ஐரோப்பா சென்றார். போர் மூண்டதும் பெர்லினில் இந்தியப் புரட்சியாளருடன் சேர்ந்தார். 1915 டிசம்பர் 1-ல், ராஜா மகேந்திர பிரதாப் தலைமையில் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் அவர் வெளிநாட்டு மந்திரி.

நடுநிலை வகித்த ஆப்கானிஸ்தானைப் போரில் இறக்குவதே அந்த அரசின் நோக்கம். அமீர் ஹபீபுல்லா கணக்குப் பார்த்தார். வடக்கே ரஷ்யா, தெற்கே ஆங்கிலேயர். ஆங்கிலேயர் தரும் ஆண்டு மானியம் வேறு. ஜெர்மனி பொன்னும் துப்பாக்கியும் தருவதாக ஒப்புக்கொண்டது. படை வந்து சேரவில்லை. அமீரும் அசையவில்லை. நடுநிலை நாடு வெறும் கோபத்தில் போருக்குப் போவதில்லை. உதவி கைக்கு வந்தால்தான் போகும்.

1919-ல் அமீர் கொலையுண்டார். மகன் அமானுல்லா, களைத்திருந்த ஆங்கிலேயர்மீது போர் தொடுத்தார். ஆனால் உலகப்போர் அதற்குள் முடிந்துவிட்டது.

1934 மே 26-ல் பெர்லினில் செண்பகராமன் மறைந்தார். மனைவி லட்சுமிபாய் காத்து வைத்த அஸ்தி, 1966-ல் சுதந்திர இந்தியாவின் போர்க்கப்பலில் தாயகம் வந்தது.