வாக்குப் பெட்டி இல்லாத காலத்தில் வண்ணார்பண்ணை தெரிந்தெடுத்த இராமநாதன்

1879 மே மாதம் சேர். முத்துக்குமாரசுவாமி காலமானார். சட்டநிரூபண சபையில் தமிழருக்கென இருந்த ஒரேயொரு ஆசனம் வெற்றிடமானது. அதை நிரப்புவது தேசாதிபதியின் விருப்பம். மக்களிடம் வாக்குச் சீட்டு இல்லை. அந்நாளில் அமெரிக்காவிலும் செனட்டர்களை மாநிலச் சட்டசபைகளே தெரிவுசெய்தன. ஆனால் அந்தச் சபைகளையாவது மக்கள் தெரிவுசெய்திருந்தனர். இங்கே அதுவும் இல்லை.

இருவர் பெயர் அடிபட்டது. ஒருவர் சட்டத்தரணி கிறிஸ்தோப்பர் பிறிற்றோ. மற்றவர் முத்துக்குமாரசுவாமியின் மருமகன், 28 வயது பொன்னம்பலம் இராமநாதன். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். குடும்பத்தின் வேர் யாழ்ப்பாணத்தில். அவருக்காகக் களத்தில் இறங்கியவர் ஆறுமுக நாவலர். வண்ணார்பண்ணையில் கூட்டம் கூட்டி, சைவப் பிள்ளையே சபைக்குப் போகவேண்டுமென்று ஊரைத் திரட்டினார். தேசாதிபதி லோங்டன் இராமநாதனையே நியமித்தார். அந்த ஆண்டு டிசம்பரில் நாவலர் மறைந்தார். வாக்குரிமை இல்லாத ஊரில் நடந்த முதல் தேர்தல் பிரசாரம் இதுவென்றே சொல்லத் தோன்றுகிறது.

இராமநாதன் 1892 வரை சபையில் இருந்தார். பின்னர் சொலிசிற்றர் ஜெனரலானார். 1911 இல் படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம் முதன்முறையாகத் தேர்தலுக்கு விடப்பட்டது. முழு நாட்டுக்கும் மூவாயிரத்துக்குக் குறைவான வாக்காளரே இருந்தனர். சிங்களவரான டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை இராமநாதன் தோற்கடித்தார். சிங்களவர் பலரும் அவருக்கே வாக்களித்தனர். அதில் இனம் கடந்த பெருந்தன்மை மட்டும் இருக்கவில்லை. பெர்னாண்டோ கராவ சாதியார் என்பதால் கொவிகமத்தார் பலர் தமிழரின் பக்கம் சாய்ந்தனர். 1915 கலவரத்தின் பின் இராணுவச் சட்டத்தின்கீழ் சிங்களவர் சுடப்பட்டபோது, அவர்களுக்காகச் சபையிலும் இலண்டனிலும் வாதாடியவர் இவரே.

1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரி எழுந்தது. 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி எழுந்தது, இன்றைய யாழ். பல்கலைக்கழகம் அந்த வளவிலேதான் தொடங்கியது.

பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அதே மனிதர், பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைப் பரிந்துரைத்தபோது கடுமையாக வாதாடினார். இன ஆசனங்கள் ஒழிந்தால் எண்ணிக்கையே தமிழரை ஆளும் என்ற அவரது அச்சம் வீணானதல்ல என்பதை நாம் அனுபவித்து அறிந்தோம். ஆனால் அந்த அச்சத்துக்கு அவர் சொன்ன மருந்தை, பனையடியில் வேலைசெய்தவனும் அவன் மனைவியும் ஏற்றிருக்க முடியாது.

1930 நவம்பர் 26 அன்று அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு சர்வசன வாக்குரிமையோடு முதல் தேர்தல் வந்தது. வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் அதைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் வெறுமையாகக் கிடந்தன.